புகார் வந்தால்தான் டீ

தாராவி,
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை ஜெபத்துரைக்கு,

அத்தான் தனசீலன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா ஜோஸ்பின், மகள் ஸ்வீட்டி எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்டு எழுதாவிட்டால் உன் அக்கா எனக்குச் சோறு போடமாட்டாள்.

நீ என் போனை எடுப்பதில்லை. "அத்தான் வாயால சொன்னா எல்லாத்தையும் சிரிப்பாக்கிருவாரு, எழுத்துல குடுக்கச் சொல்லு" என்று அக்காவிடம் சொன்னாயாம். பட்டாளத்தில் எதுவும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பாய். சரி, ஒன்பதாம் வகுப்போடு பேனாவை மூடியவன் இப்போது திறந்திருக்கிறேன். மை வருகிறது, அதுவே அதிசயம்.

அன்றைக்கு நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். டெம்போ சந்து முனையில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நீ எல்லார் முன்னாலும் வந்து, "இந்த பெல்ட்டு லோடு இன்னும் மணல் மூட்டை கட்டிப் பாக்கல அத்தான், அனுப்பக்கூடாது" என்றாய். நான், "மேஜர் சாப், இது பார்டர் இல்ல, நைன்ட்டி ஃபீட் ரோடு" என்று சொல்லி, துணி அளக்கிற மீட்டர் கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு உன்னைப்போல லெப்ட் ரைட் நடந்து காட்டினேன். பட்டறையே சிரித்தது. உன்னைத் தவிர. சாயங்காலம் உன் இரும்புப் பெட்டியோடு தாதர் போய் ரயில் ஏறிவிட்டாய். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வந்தவனைக் கோமாளி ஆக்கியது தப்புதான். என்ன செய்ய, என் வாய் எனக்கு முந்திப் பிறந்தது.

நீ இல்லாமல் பட்டறை ஓடுகிறது. ஓடுகிறது என்றால், நொண்டியபடி. உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு நாம் தைக்கிற சேஃப்டி பெல்ட்டுக்கு இப்போது ஒரே ஒரு கான்ட்ராக்டர்தான் வாடிக்கை. அவன் கையை எடுத்தால் நான்கு மிஷினும் நிற்கும். மணல் மூட்டையைத் தூக்கிப் பெல்ட்டில் தொங்கவிட ஆளில்லை. அதனால் கண்ணால் பார்த்து அனுப்புகிறோம். என் கண்ணாடியின் கனம் உனக்குத் தெரியும்.

பட்டாளத்து வழக்கப்படி நீ ஆரம்பித்து வைத்த, குறை கேட்கிற சனிக்கிழமை தர்பாரை மட்டும் நான் விடவில்லை. "யாராவது ஒரு புகார் சொன்னாத்தான் டீ" என்று உங்கள் கர்னல் வைத்திருந்த சட்டம் இங்கே பிரமாதமாக நடக்கிறது. இதில் ஒரு கூத்து. டீ ஆறிப்போகிறதே என்று தைக்கிற ஆட்களாகவே புகாருக்கு முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் பிரம்மநாயகம், "ஃபேன் சத்தம் போடுது அண்ணாச்சி" என்பார். அடுத்த வாரம் அதே ஃபேன் சத்தம் போடவில்லை என்று புகார். போன வாரம் மாரீஸ்வரியின் முறை. "புது நூலு சரியில்ல அண்ணாச்சி, அத்துக்கிட்டுப் போவுது" என்றாள். "அத்துக்கிட்டுப் போறதுக்கு அது என்ன உன் வீட்டுக்காரனா" என்றேன். சிரித்துச் சிரித்துப் பிரம்மநாயகத்துக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். டீயும் வந்தது.

நீ இருந்திருந்தால் முறைத்திருப்பாய். அந்த முறைப்பு இல்லாமல் எனக்குச் சிரிப்பே சரியாக வரவில்லை. வந்துவிடு.

அன்புடன்,
அத்தான் தனசீலன்


தூத்துக்குடி,
16 நவம்பர் 2025

அத்தான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலையில் சேர்ந்திருக்கிறேன். நலம்.

நீங்கள் என்னைப்போல நடந்து காட்டியதற்காக நான் போகவில்லை. பட்டாளத்தில் அதைவிடக் கேவலமான கேலியெல்லாம் பார்த்தவன். எல்லாரும் சிரித்து முடிந்ததும் டெம்போவை நிறுத்துவீர்கள் என்று அங்கேயே நின்றேன். டெம்போ போயிற்று. அதற்காகத்தான் போனேன்.

தர்பார் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. வடக்கே பனிப் பிரதேசத்தில் ஒரு போஸ்டில் இருந்தோம். கர்னல் சாப் தர்பாரில் உட்கார்ந்து, குறை சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல எல்லாரும் "சப் டீக் ஹை சாப்" என்றார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். அவர் எழுந்திருக்கவில்லை. டீயும் வரவில்லை. அரை மணி கழித்து, லங்கர் சமையல்கட்டில் சப்பாத்தி போடுகிறவன் எழுந்து நின்றான். "சாப், போன வாரம் நீங்க பாத்த ஹீட்டர் எல்லாம் பக்கத்துக் கம்பெனியில இரவல் வாங்கி வச்சது. நீங்க போனதும் திருப்பிக் குடுத்துட்டோம்" என்றான். சுபேதார் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் நூறு பேரும் கர்னல் முகத்தை மட்டும் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சொன்னவன் பெயரைக் கேட்டார், நன்றி சொன்னார், முதல் டீயை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த மாதமே ஹீட்டர் வந்தது. டீ பெரிய விஷயமில்லை அத்தான். அந்த ஒரு நிமிஷம் மேலே இருக்கிறவன் முகம் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம்.

மாரீஸ்வரி விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவளிடம் நீங்கள் சொன்னது வேடிக்கையும் இல்லை. நூலைப் பற்றி அவளைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். மூட்டையைத் தூக்க இரண்டு பேர் போதும்.

நான் வருவதாக இல்லை.

ஜெபத்துரை


தாராவி,
24 நவம்பர் 2025, திங்கள்

மாப்பிள்ளை,

விக்ரோலியில் ஓர் ஆள் விழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. சாய்நாத் என்று பெயர், மராத்திக்காரர், நல்ல பெயிண்டர். ஆறாவது மாடிப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தாராம். தோள் வார் பிய்ந்திருக்கிறது. கீழே முதல் மாடியில் கட்டியிருந்த மூங்கில் சாரத்தில் மோதி, அதோடு சேர்ந்து தரைக்கு வந்திருக்கிறார். அதனால் உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் ஒரு தொடையும் போய்விட்டன. பெல்ட் நம்முடையது.

நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தேன். அவர் மனைவி வந்தனா, நல்ல மனுஷி. நான் யார் என்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எனக்குத் தெரிந்த உடைந்த மராத்தியில் ஏதோ உளறி அந்த மனுஷரைச் சிரிக்க வைத்தேன். சிரித்தால் அவருக்கு இடுப்பு வலிக்கிறது. சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கான்ட்ராக்டர் கூப்பிட்டு அனுப்பினார். டீ கொடுத்தார். "தனசீலன் பாய், பெல்ட்டு கைப்பிடிச் சுவர் முனையில உரசி அறுந்திருக்கு. ஆளு சரியா மாட்டல. இது அவன் தப்பு. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். ஒவ்வொரு பெல்ட்டும் எடை கட்டிப் பார்த்துத்தான் அனுப்பினோம் என்று ஒரு பேப்பர். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். போட்டால் அடுத்த வருஷ ஆர்டரும் நமக்கு. போடாவிட்டால் நான் அவருக்கு யாரோ. விக்ரோலியில் வேலை நின்றுவிட்டது. ஆனால் ஐரோலியில் அவருடைய இன்னொரு டவர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே லோடு பெல்ட்டில் அங்கேயும் ஆட்கள் தொங்குகிறார்கள்.

உரசித்தான் அறுந்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். நினைக்க முயற்சி செய்கிறேன்.

நீ எழுதியபடி மாரீஸ்வரியைக் கேட்டேன். விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால். எப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. "ஏ மாரீஸ்வரி, உன் நூல் கதை தூத்துக்குடிப் பட்டாளம் வரைக்கும் போயிட்டு, என்ன சங்கதி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா டீக்குச் சொன்னது" என்றாள். அப்பாடா என்று வந்துவிட்டேன். இப்போது எல்லாரையும் கேட்கிறேன். எல்லாரும், எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி என்கிறார்கள். சொல்லிவிட்டு மிஷினைப் பார்க்கிறார்கள்.

நூல் நான் வாங்கியதுதான். பழைய கடை பூட்டியிருந்தது, பக்கத்துக் கடையில் வாங்கினேன். நிறம் ஒன்று, கனம் ஒன்று, பார்க்க அண்ணன் தம்பிபோல இருந்தது.

மூட்டையை இன்னும் கட்டவில்லை. பிரம்மநாயகம் இரண்டு தடவை கேட்டார், கட்டட்டுமா என்று. நாளைக்கு என்றேன். கட்டி, அறுந்துவிட்டால் நான் என்ன செய்வேன் சொல்லு. இப்போது எனக்குத் தெரியாது. தெரியாதவன் கையெழுத்துப் போடலாம். தெரிந்துவிட்டால் எப்படிப் போடுவேன். நாலு குடும்பம், ஸ்வீட்டியின் நர்சிங் படிப்பு, உன் அக்கா, எல்லாம் அந்த ஒரு மூட்டையில் தொங்குகிறது.

நீ வா. வந்து நீ கேள். உன்னிடம் சொல்லுவார்கள். நான் வேடிக்கை பேசுகிறவன், என்னை யாரும் பெரிய ஆளாக எடுத்ததில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கேலி இல்லை.

தனசீலன்


தூத்துக்குடி,
27 நவம்பர் 2025

அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அக்காவுக்குப் போன் செய்து ஒரே ஒரு வரி சொன்னேன். இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஐரோலியில் ஆட்களை இறக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நூலா, உரசலா என்று தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாதவரைக்கும் நம்முடைய தப்பு என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். குண்டு நம்முடையதா எதிரியுடையதா என்று விசாரித்துவிட்டு யாரும் படுப்பதில்லை. முதலில் படுப்பார்கள்.

நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நான் வந்து கேட்டால் என்னிடம் சொல்லுவார்கள். நாளைக்கு நான் இல்லாதபோது மறுபடி யாரிடம் சொல்லுவார்கள்? பட்டறை உங்களுடையது. காது உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஏதாவது தப்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "சப் டீக் ஹை" தவிர வேறு பதில் வராது. உங்கள் தப்பை நீங்கள் முதலில் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டம். எவ்வளவு நேரம் ஆனாலும் மூடிக்கொண்டிருங்கள்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால், எனக்கு இனி எழுதவேண்டாம்.

ஜெபத்துரை


தாராவி,
3 டிசம்பர் 2025, புதன்

மாப்பிள்ளை,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். காலில் மாவுக்கட்டு. ஏன் என்பது பின்னால் வருகிறது.

உன் அக்கா வியாழக்கிழமை ராத்திரி போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "தம்பி ஆளுங்கள இறக்கச் சொல்லுதான்" என்றாள். அப்போதே கான்ட்ராக்டருக்குப் போன் அடித்தேன். "காலையில பேசலாம் பாய், மொதல்ல கையெழுத்து" என்றார். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறந்ததும் மிஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனால் நீ என்ன சொல்லுவாய் என்று எப்படியோ தெரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு உட்காருவதே ஒரு வேடிக்கை, யாரும் சிரிக்கவில்லை. "நூலு நான் மாத்தி வாங்குனேன். மூட்ட கட்டிப் பாக்காம அனுப்புனேன். ஒரு மனுஷன் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான்" என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை. மாப்பிள்ளை, அந்த மாதிரி ஒரு மௌனத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நாலைந்து வேடிக்கை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மாரீஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னம்லா அண்ணாச்சி" என்றாள். "என் முறை வந்தன்னைக்கு. விளையாட்டுக்கா சொன்னேன்? ஒரு வார் தைக்கதுக்குள்ள ரெண்டு வாட்டி அத்துட்டு. கையால இழுத்தா பஞ்சு மாதிரி வருது. எப்படிச் சொல்லதுன்னு ரெண்டு நாளு மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டு வந்தேன். நீங்க என் வீட்டுக்காரரச் சொன்னிய. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டீ வந்துச்சு, குடிச்சேன். அதுக்கு மேல எப்படிச் சொல்ல?"

"பொறவு நான் வந்து கேட்டம்லா" என்றேன்.

"அப்பவும் சிரிச்சுக்கிட்டுதான கேட்டிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. "ஏசுத முதலாளின்னா ஏச்ச வாங்கிட்டுச் சொல்லிரலாம் அண்ணாச்சி. சிரிக்குத முதலாளிகிட்ட எங்க போயிச் சொல்ல? நாங்க சொல்லதெல்லாம் உங்களுக்கு ஒரு ஜோக்குக்கு ஆகுது."

பிரம்மநாயகம் எழுந்து போய் மூட்டையைக் கட்டினார். முதல் பெல்ட் தாங்கியது. இரண்டாவதில் தோள் தையல் துணி கிழிகிறமாதிரி சத்தம் போட்டுக்கொண்டு பிரிந்தது.

மிச்சம் இருந்த பெல்ட்டில் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு ஐரோலி போனேன். டவர் வாசலில் சைட் சூப்பர்வைசர் என்னைக் கண்டதும் பல்லைக் காட்டினான். லோடு இறக்கப் போகும்போதெல்லாம் அங்கே நான் ஒரு அரை மணி நாடகம் போடுவேன், உனக்குத் தெரியும். "எல்லாரையும் இறக்கு, பெல்ட்டு சரியில்ல" என்றேன். "அண்ணா, மஸாக் மத் கரோ" என்றான், தமாஷ் பண்ணாதீங்க என்று. நான் மேலே பார்த்துக் கத்தினேன். பத்தாவது மாடி உயரத்தில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் கை அசைத்தார்கள். ஒருவன் என்னைப்போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் காட்டினான். ஜெபத்துரை, நான் அழுதுகொண்டு கத்துகிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள். இன்றைக்கு அண்ணாச்சி அழுகிற வேஷம் என்று நினைத்துவிட்டார்கள்.

வேறு வழி தெரியவில்லை. ஒரு பெல்ட்டை நானே மாட்டினேன். என் சுற்றளவுக்கு வார் பற்றாது, கடைசித் துளையில் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொருகினேன். சாரத்துக் குழாயில் கொக்கியை மாட்டி, சாரத்தின் இரண்டாம் தட்டில் ஏறிக் குதித்தேன்.

தாங்கியது. அந்தரத்தில் திருஷ்டிப் பூசணிக்காய்போல ஆடினேன். கை தட்டினார்கள். மேலே இருந்து ஒருவன் விசில் அடித்தான்.

உன்னிடம் சொல்லுவதற்கென்ன. அந்த நேரம் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒருவேளை நூல் பரவாயில்லையோ, இப்படியே இறங்கி, மன்னிக்கணும் தம்பிகளா தமாஷுக்கு என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாமோ, கையெழுத்தும் போட்டுவிடலாமோ என்று ஒரு எண்ணம் ஓடியது. கழற்றிவிட்டு அடுத்த பெல்ட்டை மாட்டினேன். அதுவும் தாங்கியது. சூப்பர்வைசர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது பெல்ட்டில் ஜல்லிக் குவியலில் போய் விழுந்தேன்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் விழுந்த கணத்தில் வலி இல்லை. வாரைத் தூக்கிக் காட்டினேன். தோள் இருக்கிற இடத்தில் தையல் மொத்தமும் பிரிந்து நூல் மயிர் மயிராகத் தொங்கியது. வீடியோ பிடித்த கை கீழே வந்தது. மேலே முதலில் ஒருவன் ஜன்னல் வழியாக உள்ளே போனான். பிறகு ஒவ்வொருவனாக. கயிறுகள் காலியாக ஆடுகிறவரைக்கும் ஜல்லியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணுக்கால் ஒடிந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை. கான்ட்ராக்டர் ஆர்டரை நிறுத்திவிட்டார், பழைய பாக்கியும் கிடையாது என்கிறார். போலீஸ் வந்து பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது. நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஸ்வீட்டி என்னிடம் பேசவில்லை. பயந்திருக்கிறாள் என்று அக்கா சொல்கிறாள்.

தனசீலன்


தூத்துக்குடி,
8 டிசம்பர் 2025

அத்தான்,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

காலைத் தொங்கவிடாமல் தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள். விரல் நீலமாகிறதா என்று அக்காவைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவின் கணக்குக்கு என்னால் முடிந்ததை அனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பவேண்டாம்.

மூன்றாவது பெல்ட்டை மாட்டியதற்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போலீஸிடம் சொன்னீர்கள், ஐரோலி ஆட்களிடம் சொன்னீர்கள். சாய்நாத்திடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவர் இன்னும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தால், நீங்கள் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள்.

ஜெபத்துரை


தாராவி,
14 டிசம்பர் 2025, ஞாயிறு

ஜெபத்துரை,

இந்தக் கடிதம் தபாலில் வராது. ஸ்வீட்டி போட்டோ எடுத்து உன் வீட்டுக்காரியின் போனுக்கு அனுப்புவாள். நீ டூட்டியில் இருக்கிறாயாம், கையில் போன் இல்லையாம், குடோன் கேட்டுக்கு நடந்து போய்க் காட்டுகிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. நீ எழுத்தில் கேட்டவன். அதனால் முழுவதையும் எழுதுகிறேன், வேகமாக.

நேற்று ஸ்வீட்டி தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்தனா வழக்கம்போல ஸ்டூலை இழுத்தாள். உட்காரவில்லை. "உங்க புருஷன் சரியாத்தான் மாட்டியிருந்தாரு. பெல்ட்டு என்னோடது, தையல் பிரிஞ்சது, தப்பு என்னோடது" என்றேன். சாய்நாத் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூன்று வாரமாக, கொக்கியைத் தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ராத்திரியெல்லாம் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தாராம்.

வந்தனா ஸ்டூலைத் திரும்ப ஓரமாகத் தள்ளினாள். கத்தவில்லை. "ரெண்டு தடவ வந்தியே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். சந்தேகம் இருந்தது என்றேன். "நீ வந்தா இவர் சிரிக்கிறாருன்னு அடுத்து எப்ப வருவேன்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு ஸ்வீட்டியைப் பார்த்து, "அப்பாவக் கூட்டிட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை அடித்திருந்தால் நடந்து வந்திருப்பேன். ஸ்வீட்டி ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள்.

இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை, எல்லாக் கெட்ட செய்தியும் வந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்றைக்கு, கோவில் ஆராதனை முடிந்து உன் அக்கா வருவதற்கு முன்னால், மாரீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். பட்டறை பூட்டிக் கிடக்கிறது, சம்பளம் இல்லை, அதற்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே, "இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அசையவில்லை. சொல்லு என்றேன்.

நீ இருந்தபோது மூட்டை கட்டிப் பார்த்துத் தேறாத பெல்ட்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தாயாம். அறுத்துப் போடத்தான் ஒதுக்கியிருப்பாய் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. யாரிடமாவது சொன்னாயா என்று தெரியவில்லை. ஒருவேளை யாரிடமும் சொல்லாமல் மனசில் வைத்திருந்தாயோ என்னவோ. சாக்கைக் கட்டி வைத்த மறுநாள்தான் நான் மீட்டர் கட்டையைத் தோளில் வைத்தது. அன்றைக்கே நீ போய்விட்டாய். சாக்கு மூலையில் கிடந்தது. பழைய சாமான் எடுக்க வருகிற ஜமால், துணி வெட்டுத் துண்டோடு சேர்த்து அதையும் கொண்டுபோயிருக்கிறான். நான்தான் எடுத்துக்கோ என்றேனாம். எனக்கு நினைவில்லை, ஆனால் என் வாயில் அப்படித்தான் வந்திருக்கும்.

ஜமாலை ஆள் அனுப்பிக் கூட்டி வந்தோம். வெட்டுத் துண்டை வேறு இடத்தில் போட்டுவிட்டு, பெல்ட்டை மட்டும் கல்யாண் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரன் ஒருவனுக்கு விற்றிருக்கிறான். நல்ல பெல்ட் என்றுதான் ஜமால் நினைத்தான், பாவம். எந்தக் கடை என்று ஆளைப் பார்த்தால் தெரியும் என்கிறான். கடைக்காரன் அதை யாருக்கெல்லாம் விற்றானோ. கேபிள் இழுக்கிறவன், போர்டு மாட்டுகிறவன், கண்ணாடி துடைக்கிறவன், யார் இடுப்பில் எது இருக்கிறதென்று அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாயிற்று, எழுதிக்கொண்டார்கள், நாளைக்குப் பார்ப்பதாகச் சொன்னார்கள். நாளைக்குத் திங்கள்கிழமை. எல்லாரும் மேலே ஏறிவிடுவார்கள்.

உன்மேல் பழி போட எழுதவில்லை. நீ போனதே என்னால்தான். ஆனால் சாக்கில் எத்தனை இருந்தன என்று இந்தப் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. மாரீஸ்வரி ஏழெட்டு இருக்கும் என்கிறாள், பிரம்மநாயகம் இருபதுக்குக் குறையாது என்கிறார். ஜமால் எடைக்கு எடுத்தவன், எண்ணவில்லை. எண்ணிக்கை தெரியாமல் போனால், கிடைத்ததோடு முடிந்ததென்று நினைத்துத் திரும்பி வந்துவிடுவேன். ஒன்று மிஞ்சினாலும் அது ஓர் ஆள்.

கல்யாண் போக ஜமாலும் மாரீஸ்வரியும் கீழே நிற்கிறார்கள். ஸ்வீட்டியும் வருகிறாள், நான் கேட்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இந்தக் கட்டுக் காலோடு லோக்கல் ரயிலில் எப்படி ஏறப்போகிறேன் என்று தெரியவில்லை, ஏறிவிடுவேன்.

போன் என் கையில் இருக்கிறது. எத்தனை பெல்ட், ஜெபத்துரை?

அத்தான்